பெருவிரலை உள்ளே மடக்கிக்கொள்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க, கண்ணுங்களா. கதவைச் சாத்த வேண்டாம், விளக்கை அணைக்கவும் வேண்டாம். இந்தக் கதைக்கு இருட்டு தேவையில்லை. பேய் ராத்திரியில்தான் வரும் என்று எவனோ ஒரு சோம்பேறி சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் சொல்லப்போவது பட்டப்பகலில், டியூப்லைட் வெளிச்சத்தில், மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில் நடந்தது.

நடந்தது என்றால் நடந்ததுதான். கட்டுக்கதை இல்லை. இது நடந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நர்ஸ் ஒருத்தி என் எதிரில் உட்கார்ந்து, கையில் இருந்த டீ ஆறிப்போனது கூடத் தெரியாமல் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குப் பயத்தை விடக் கோபம்தான் அதிகம் இருந்தது. கேட்ட எனக்கும் அப்படித்தான். உங்களுக்குப் பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோபம் வந்தால் மட்டும் அடக்காதீர்கள். வரட்டும்.

அந்த ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். 'வக்கீல்' என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் ஒரு கையெழுத்து.

ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியிடம் சம்மதம் வாங்குவார்கள் இல்லையா? அதற்குக் கீழே சாட்சி என்று ஓர் இடம் இருக்கும். அங்கே நர்ஸ் கையெழுத்துப் போடவேண்டும். 'டாக்டர் விளக்கிச் சொன்னார், நோயாளிக்குப் புரிந்தது, தெளிந்த மனதோடு தானாகச் சரி என்றார், இதை நான் என் கண்ணால் பார்த்தேன்' என்று அதற்கு அர்த்தம். மற்ற நர்ஸுகள் எல்லாம் சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே, கட்டாகச் சேர்த்து வைத்து, அரட்டை அடித்தபடி போட்டுத் தள்ளுவார்கள். இவள் மட்டும் மாட்டேன் என்பாள்.

"நான் பாக்காததுக்கு நான் எப்படிச் சாட்சி?"

"ஐயையோ, வக்கீலம்மா வந்தாச்சு! கோர்ட்டு கூடிருச்சா?"

சிரிப்பார்கள். அவளும் கூடச் சிரித்துவிட்டுப் போவாள். ஆனால் போடமாட்டாள்.

அன்று காலையில் பெண்கள் வார்டில் ஒரு பெண்ணுக்கு ரத்த அழுத்தம் பார்த்தாள். இளவயசு. பேக்கரியில் வேலை. பிறந்தநாள் கேக் மேல் கிரீமால் பெயர் எழுதுகிற வேலை. வயிற்றில் ஒரு கட்டி. அதை எடுக்கத்தான் படுத்திருந்தாள்.

"சிஸ்டர், கட்டிய மட்டும்தானே எடுப்பாங்க?"

"டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"கட்டிய எடுத்துட்டா புள்ள தங்கும்னாரு. அதான் சரின்னு வந்தேன்." வெட்கமாகச் சிரித்தாள். "இத்தனை வருஷமா ஊரான் புள்ளைங்க பேரையே எழுதிட்டு இருக்கேன் சிஸ்டர். எனக்கே எனக்குன்னு ஒரு கேக்கு எழுதணும்."

அந்தப் பேச்சை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வக்கீலும் வைத்துக்கொண்டாள்.

வெளியே பெஞ்சில் புருஷனும் மாமியாரும் உட்கார்ந்திருந்தார்கள். இவள் அவனுக்கு இரண்டாம் தாரம். மூத்தவளுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். வக்கீல் அவர்களைத் தாண்டிப் போகும்போது மாமியாரின் குரல் காதில் விழுந்தது.

"ரெண்டு இருக்கிறது போதாதா? இவளுக்கு ஒண்ணு பொறந்தா அதுங்கள யாரு பாப்பா? டாக்டர்கிட்ட நான் பேசிட்டேன். நீ பேசாம இரு."

என்ன பேசினாளோ என்று வக்கீல் யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் மதியம் மாடிக்கு வரச்சொல்லி ஆள் வந்துவிட்டது. ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் ஒருத்திக்குக் காய்ச்சல். இவள் அந்த இடத்தில் நிற்கவேண்டும். தியேட்டரில் அவளுக்கு அதுதான் முதல் நாள்.

தியேட்டர் வாசலில் ஒரு சின்ன அறை உண்டு. உள்ளே கொண்டுபோகிற நோயாளியைக் கொஞ்ச நேரம் அங்கே நிறுத்திவைப்பார்கள். இரண்டு டிராலி நிற்கிற இடம். நடுவில் கூரையிலிருந்து தரை வரைக்கும் பச்சைத் திரை. ஏசிக் குளிர். ஸ்பிரிட் வாசனை. ஒரு பக்கக் கதவு தியேட்டருக்கு, இன்னொன்று வராந்தாவுக்கு.

டிராலி தள்ளுகிற அண்ணன் வந்தார். அந்த ஆஸ்பத்திரியில் தலை நரைத்தவர். எப்போதும் கேலிப் பேச்சு.

"வாங்க வக்கீலம்மா. சொகுசு பஸ் வந்திருக்கு. பாருங்க, ஆள் தூங்கிட்டே வருது."

டிராலியில் பேக்கரிப் பெண். கண் மூடியிருந்தது. உதடு வறண்டிருந்தது.

"அண்ணே, அந்தப் பக்கம் நிறுத்துங்க. அங்கதான் ஏசி காத்து நேரா படாது."

அண்ணனின் சிரிப்பு சட்டென்று நின்றது.

"அந்தப் பக்கம் சக்கரம் போகாதும்மா."

"ஏன்?"

"போகாது."

அவ்வளவுதான் சொன்னார். சுவர் ஓரமாக, இந்தப் பக்கமே நிறுத்தினார்.

வக்கீல் பெண்ணின் கன்னத்தைத் தட்டினாள். அசைவில்லை. "இவங்களுக்கு யாரு ஊசி போட்டது?"

"வார்டுலயே போட்டாச்சு. முழிச்சிருந்தா அழுவாங்க, கேள்வி கேப்பாங்க. இங்க எப்பவும் ஊசி முதல்ல, சம்மதம் அப்புறம். பெரிய சிஸ்டர் ஆர்டர்."

கேட்டீர்களா அநியாயத்தை! முடி வெட்டுகிறவர் கூட, எவ்வளவு குறைக்கட்டும் என்று கேட்டுவிட்டுத்தான் கத்தரியை எடுக்கிறார். ஜாக்கெட் தைக்கிறவள் துணியில் கோடு போட்டுக் காட்டிவிட்டுத்தான் வெட்டுகிறாள். மனுஷி உடம்பை வெட்டுவதற்கு மட்டும் முதலில் நாக்கைக் கட்டிப்போட்டுவிட்டு, அப்புறமாகச் சரியா என்று கேட்பார்களாம்.

அண்ணன் வெளியே போனார். வக்கீல் ஃபைலைத் திறந்தாள். ஆபரேஷன் என்ற இடத்தில் கட்டி என்று இல்லை.

கருப்பை அகற்றுதல் என்று இருந்தது.

அடியில் புருஷன் கையெழுத்து. நோயாளி கையெழுத்து போடவேண்டிய இடம் காலி. அதில் பென்சிலால் 'ரேகை' என்று குறித்திருந்தார்கள்.

வக்கீலின் காது சூடாகிவிட்டது. ஊசி போட்டபிறகு வாங்குகிற சம்மதம் சம்மதமே இல்லை என்று நர்ஸிங் படிக்கிற பிள்ளைக்குக் கூடத் தெரியும். இவள் வளர்ந்த பெண். இவளுக்காகப் புருஷன் கையெழுத்துப் போட முடியாது. அது மட்டுமா? நாளெல்லாம் எழுதுகிற கை. அதனிடம் எதற்கு ரேகை?

அப்போதுதான் அந்தச் சத்தம்.

க்ரீச்...

டிராலிச் சக்கரம் அரை வட்டம் சுற்றினால் வருமே, அது. திரைக்கு அந்தப் பக்கமிருந்து.

வக்கீல் காது கொடுத்தாள். ஒன்றுமில்லை. தியேட்டருக்குள் கத்திகளை அடுக்குகிற சத்தம் மட்டும்.

க்ரீச்...

"சிஸ்டர்..."

பெண் குரல். மெல்லியது. தொண்டை காய்ந்த குரல்.

அடுத்த கேஸ் போலிருக்கிறது, தனியாகப் பயந்துபோய்ப் படுத்திருக்கிறாள் என்று நினைத்தாள் வக்கீல். திரையை ஒதுக்கினாள்.

டிராலி இருந்தது. பழைய மாதிரி. வெள்ளைப் பெயிண்ட் உரிந்த கம்பி. கழுத்து வரைக்கும் பச்சைத் துணி போர்த்தி ஒரு பெண் படுத்திருந்தாள். தலைமுடி ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது. இரண்டு கையும் துணிக்கு மேலே, நெஞ்சின்மேல். இரண்டையும் இறுக மூடியிருந்தாள். பெருவிரல் வெளியே தெரியவில்லை. உள்ளே மடக்கி, மற்ற நான்கு விரலால் பொத்தி வைத்திருந்தாள்.

"பயப்படாதீங்கம்மா. உங்களுக்கு என்ன ஆபரேஷன்னு சொன்னாங்களா?"

"முடிஞ்சிருச்சு."

முடிந்தவர்களை இந்த அறைக்குக் கொண்டுவருவதில்லையே...

"என்கிட்ட யாரும் கேக்கலை சிஸ்டர்."

"என்னம்மா?"

"முழிச்சிட்டுதான் இருந்தேன். எல்லாம் காதுல விழுந்துச்சு. நாக்குதான் பொரளலை."

நர்ஸுகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. படுத்திருப்பவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே கண் தானாக அவர் நெஞ்சுக்குப் போகும். மூச்சை எண்ணும். வக்கீலின் கண்ணும் போனது. எண்ணப் பார்த்தது.

எண்ணுவதற்கு எதுவும் இல்லை.

பச்சைத் துணி ஏறவில்லை. இறங்கவில்லை.

உதடும் அசையவில்லை. ஆனால் குரல் வந்தது.

"அவளும் முழிச்சிட்டுதான் இருக்கா. போய்ப் பாரு."

வக்கீலின் கை தானாகத் திரையை விட்டது.

திரும்பினாள். பேக்கரிப் பெண்ணிடம் போய்க் குனிந்தாள்.

கண் மூடித்தான் இருந்தது. ஆனால் இரண்டு கடைக்கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்து, காதுக்குள் தேங்கியிருந்தது.

"நான் பேசறது கேக்குதாம்மா?"

இமை துடித்தது.

வராந்தாக் கதவு படாரென்று திறந்தது.

பெரிய சிஸ்டர் வந்தாள். முப்பது வருஷ சர்வீஸ். டாக்டர்களே அவளிடம் கேட்டுத்தான் எதையும் செய்வார்கள். வலது கையில் மட்டும் எப்போதும் ரப்பர் கையுறை. சாப்பிடும்போதுகூடக் கழற்றமாட்டாள், ஸ்பூனால்தான் சாப்பிடுவாள். சோப்பு ஒத்துக்கொள்ளாது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். இன்றைக்குக் கையில் மை டப்பா. பின்னாலேயே டிராலி அண்ணன்.

"சிஸ்டர், அந்தப் பக்கம் ஒரு பேஷண்ட்டு... மூச்சு..."

"அந்தப் பக்கம் யாரும் கிடையாது." அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரேகை வாங்கு. சாட்சில கையெழுத்து போடு. டாக்டர் கை கழுவியாச்சு."

"போட மாட்டேன் சிஸ்டர். கட்டிய மட்டும்தான் எடுக்கணும்னு இவங்களே என்கிட்ட காலைல சொன்னாங்க. கர்ப்பப்பைய எடுக்கறது இவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"குடும்பம் பேசி முடிவு பண்ணிருச்சு. உனக்கென்ன நோகுது?"

"கேக் மேல பேர் எழுதற பொண்ணு சிஸ்டர். அவகிட்ட எதுக்கு ரேகை? முழிக்கட்டும். படிச்சுப் பாத்துட்டு அவளே கையெழுத்து போடட்டும்."

"உன் வக்கீல் வேலையெல்லாம் வார்டோட வச்சுக்கோ!" பெரிய சிஸ்டர் பேக்கரிப் பெண்ணின் வலது கையை இழுத்தாள்.

கை மூடியிருந்தது.

கொஞ்சம் முன்னால் அந்தக் கை துணிபோலத் தொங்கியதை வக்கீல் பார்த்திருந்தாள். இப்போது முஷ்டி. பெருவிரல் உள்ளே மடங்கியிருந்தது.

பெரிய சிஸ்டர் பிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "அண்ணே, புடிங்க!"

அண்ணன் பிடித்தார். சுட்டது போலக் கையை உதறினார்.

"ஐஸு மாதிரி இருக்கும்மா..."

"முழங்கையைத் தொடுங்க" என்றாள் வக்கீல். தொட்டார். முழங்கை சூடாக, உயிரோடு இருந்தது. மணிக்கட்டுக்குக் கீழேதான் அந்தக் குளிர்.

அண்ணனின் முகம் வெளுத்தது. "சிஸ்டரம்மா... வேணாம். அன்னிக்கும் இப்படித்தான்..."

"வாய மூடு! வெளிய போ!"

அவர் ஓடியே போனார்.

உள்ளேயிருந்து டாக்டர் குரல். "என்ன அங்க லேட்டு?"

"ஆச்சு சார்!" பெரிய சிஸ்டர் வக்கீலைப் பார்த்தாள். "நீ அந்தப் பக்கம் திரும்பிக்க."

வக்கீல் திரும்பவில்லை.

பெரிய சிஸ்டர் பல்லைக் கடித்தாள். வலது கையுறையை உருவினாள். இத்தனை வருஷத்தில் யாரும் பார்க்காத கை அது.

பெருவிரல் நீலம்.

நகம், சதை, ரேகை எல்லாம்... மையில் முக்கி எடுத்தது போல அப்பட்டமான நீலம்.

மை டப்பாவை அவள் இன்னும் திறக்கவே இல்லை.

அந்த விரலை ஃபைலை நோக்கிக் கொண்டுபோனாள்.

க்ரீச்...

க்ரீச்... க்ரீச்...

சக்கரம் வந்துகொண்டிருந்தது. திரையை நோக்கி.

திரை புடைத்தது.

தலை அளவு இல்லை. உடம்பு அளவு இல்லை.

ஒரு முஷ்டி அளவு.

பச்சைத் துணியோடு சேர்ந்து அது நீண்டது... மெதுவாக... ஃபைல் மேல் வந்து...

நின்றது.

அசையவில்லை.

பெரிய சிஸ்டரின் வாயிலிருந்து ஒரே ஒரு சொல்.

"நீயா..."

அவள் பின்னோக்கி நடந்தாள். சுவரில் முட்டிக்கொண்டாள். கதவைத் தடவித் திறந்து, கையுறையை விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

வக்கீலுக்கு ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது, பொய் சொல்லவில்லை. ஆனால் ஓடினால் தியேட்டர் கதவு திறக்கும், அந்தப் பெண் உள்ளே போய்விடுவாள். பயத்துக்குக் கீழேயிருந்து கோபம் கொதித்து ஏறியது. டிராலியின் பிரேக்கைக் காலால் மிதித்துப் பூட்டினாள். வராந்தாக் கதவை, வெளியே காத்திருந்த அத்தனை பேர் கண்ணிலும் படும்படி, அகலத் திறந்துவைத்தாள். தியேட்டர் கதவுக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

டாக்டர் முகமூடியோடு வந்தார். "யாரும்மா நீ?"

"சாட்சிக் கையெழுத்து போடவேண்டியவ சார். போட மாட்டேன்."

"புருஷன் சம்மதம் இருக்கு."

"கர்ப்பப்பை புருஷனோடது இல்ல சார்!"

வராந்தாவில் சலசலப்பு நின்றது. யாரோ எழுந்து எட்டிப்பார்த்தார்கள்.

"வேலை வேணுமா, வேணாமா உனக்கு?"

"கட்டின்னு சொல்லிப் படுக்க வச்சீங்க. ஊசியப் போட்டு வாயக் கட்டிட்டு வேற ஒண்ண எடுக்கப் போறீங்க. எங்க கேட்டாலும் இதையேதான் சொல்வேன். நாளைக்குக் கூண்டுல நிக்கறப்போ, நர்ஸு சொல்லலைன்னு நீங்க சொல்ல முடியாது. இதோ, சொல்லிட்டேன்."

மாடி வராந்தா பெஞ்சுக்கு வந்திருந்த மாமியார் ஏதோ கத்தினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "ஏய், நீ சும்மா இரு. அந்தப் பொண்ணு முழிச்சு சொல்லட்டும்" என்று அவளை உட்காரவைத்தாள்.

டாக்டர் வராந்தாவைப் பார்த்தார். எத்தனை கண். கையுறையை உருவித் தொட்டியில் வீசினார்.

"கேஸ் கேன்சல்."

வக்கீல் அப்புறம்தான் திரையைப் பார்த்தாள். நேராகத் தொங்கியது. தள்ளிப் பார்த்தாள். அந்தப் பக்கம் டிராலி இல்லை. மடக்கு நாற்காலிகளும், காலி ஆக்ஸிஜன் சிலிண்டர்களும் அடைத்துக் கிடந்தன. ஒரு டிராலி நுழையவே இடமில்லை.

சாயங்காலம் பேக்கரிப் பெண்ணுக்கு மயக்கம் தெளிந்தது. முதலில் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் அழுதாள். எல்லாம் கேட்டதாம் அவளுக்கு. ஒரு சொல் விடாமல்.

"சிஸ்டர், பக்கத்துல படுத்திருந்தாங்களே ஒரு அக்கா... அவங்க எங்க?"

"எந்த அக்கா?"

"பெருவிரல உள்ள மடக்கிக்கோ, நான் புடிச்சுக்கறேன்னு சொன்னாங்களே. விடவே இல்லை அவங்க. கை வலிக்குது பாருங்க."

கையை நீட்டினாள். புறங்கையில் யாரோ இறுக்கிப் பிடித்த கன்றல். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு விரல் தடம்.

பெருவிரல் தடம் மட்டும் இல்லை.

வக்கீல் நேராக டிராலி அண்ணனைத் தேடிப் போனாள். மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். கேலியெல்லாம் போய்விட்டிருந்தது.

"அன்னிக்கும் இப்படித்தான்னீங்களே அண்ணே. என்னைக்கு?"

அவர் மெதுவாகச் சொன்னார்.

"நான் வேலைக்குச் சேந்த புதுசு. பிரசவத்துக்கு வந்த பொண்ணும்மா. கொழந்தையோட சேத்து கர்ப்பப்பையையும் எடுத்துருங்கன்னு வீட்டுல சொல்லிட்டாங்க. அவளை யாரும் கேக்கல. ஊசி போட்டு, ரேகை வாங்கப் போனா, கை தெறக்கல. நாந்தான் பிரிச்சுப் பாத்தேன். முடியல. என்னை வெளிய போகச் சொன்னாங்க. திரும்பி வந்தப்போ காயிதத்துல ரேகை இருந்துச்சு."

"அப்புறம்?"

"ரத்தம் நிக்கல. டேபிள்லயே போயிட்டா. கொழந்தையும்தான். விசாரணைன்னு வந்தாங்க. ரேகை இருக்குல்ல, சம்மதம்தான்னு போயிட்டாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவள நாந்தான் வண்டியில ஏத்துனேன் வக்கீலம்மா. அப்பவும் கை தெறக்கல. மை டப்பா பக்கமே போகாத கை அது. பெருவிரல் உள்ளயேதான் இருந்துச்சு."

"அப்போ அந்த ரேகை யாரோடது?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"பெரிய சிஸ்டரு அதுக்கு மறுநாள்லேர்ந்துதான் கையுறை போட ஆரம்பிச்சாங்க. அவ படுத்திருந்த டிராலிய அப்பவே உடைச்சுப் பழைய இரும்புக்குப் போட்டாச்சு." சுற்றிப் பார்த்துக்கொண்டார். "சக்கரச் சத்தம் மட்டும்... எனக்கு அப்பப்போ கேக்கும். உங்களுக்கும் கேட்டுச்சா?"

அவ்வளவுதான் நடந்தது. விளக்கம் என்னிடம் இல்லை. வக்கீலிடமும் இல்லை. அவளைத் துணி அறைக்கு மாற்றிவிட்டார்கள், போர்வை எண்ணச் சொல்லி. அவள் எண்ணிக்கொண்டே புகாரும் கொடுத்துவிட்டாள். இந்த முறை டிராலி அண்ணன் கூட வந்து சாட்சி சொன்னார், கண்ணால் பார்த்ததை. பேக்கரிப் பெண் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. வேறு ஆஸ்பத்திரியில், எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, கேக்கில் எழுதுவது போல வளைத்து வளைத்துத் தன் கையால் கையெழுத்துப் போட்டுவிட்டு, கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

பெரிய சிஸ்டர் வேலையை விட்டுப் போய்விட்டாள். போன மாதம் வக்கீல் அவளை ஒரு மருந்துக் கடையில் பார்த்திருக்கிறாள். பேசவில்லை. கையை மட்டும் பார்த்தாள்.

இப்போது இரண்டு கையிலும் கையுறை. முழங்கை வரைக்கும்.

பயந்துவிட்டீர்களா, என் செல்லங்களே? பயப்படாதீர்கள். திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவள், சம்மதம் கேட்டவர்களை ஒன்றும் செய்யமாட்டாள். கேட்காதவர்களிடம்தான் அவளுக்குக் கணக்கு இருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்கும் நோய் அண்டாமல் இருக்கட்டும். அப்படியே ஒருநாள் படுக்க நேர்ந்தாலும், உங்கள் மேல் கை வைப்பவர்கள் உங்களைக் கேட்டுவிட்டுக் கை வைக்கட்டும். உங்கள் வேண்டாமும் வேணுமும் கடைசி வரைக்கும் உங்கள் நாக்கிலேயே இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் கையைத் திறந்து வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கட்டும்.